எலி கல் வைக்காது

1

எலி கல் தூக்கி வைக்காது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். செஞ்சிப் பக்கம் வயலில் கால் வைத்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் படித்த மனிதர்களை இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நான் பட்டது நாய் படாத பாடு. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செல்வி. பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த காலனி. படித்தது செஞ்சி, பிறகு சென்னை. கல்யாணம் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். பெயரைச் சொன்னதும் நம் ஆட்களுக்குச் சூதாட்ட விடுதிகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த விளக்கு வெளிச்சமெல்லாம் ஓரிரு ஊரோடு சரி. மிச்சம் பூராவும் பாலைவனம். சினிமாவில் ஒட்டகம் நடக்கிற மணல்மேட்டுப் பாலைவனம் இல்லை. சாம்பல் நிறப் புதர்கள், வற்றிப்போன ஏரிகளின் உப்புத் தரை, நடுநடுவே மொட்டை மலைகள்.

அங்கே வேட்டையாடியும் விதை சேகரித்தும் வாழ்ந்த மக்கள் விட்டுப்போனதைத் தேடுவது என் வேலை. யாராவது ரோடு போட வேண்டும், சூரிய மின்நிலையம் வைக்க வேண்டும் என்றால், நிலத்தைத் தொடுவதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் போய்ப் பார்த்து, காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டால் அப்புறம் புல்டோசர் வந்துவிடும்.

இந்த மக்களைப் பற்றி 'அலைந்து திரிந்தவர்கள்' என்று எழுதுவார்கள். அதைப் படிக்கும்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அலைந்து திரிந்தவன் எதற்கு அரைக்கும் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான்? பாலைவனத்தில் அப்படிக் கவிழ்ந்து கிடக்கும் கற்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புல் விளையும் பருவத்தில் திரும்பி வருவோம், அதுவரை அரைக்கும் பக்கம் கெடாமல் இருக்கட்டும் என்று வைத்தது அது. நாம் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதும் அதற்குத்தானே.

2

இந்த ஏப்ரலில் ஒரு மின்நிலையத்துக்கான பாதையில் வேலை. வற்றிய ஏரிக்கரையில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவு நிழல். அங்கே ஒரு குழி வெட்டினோம்.

எங்கள் குழுத்தலைவர் பெயர் க்ரெய்க். நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். குழியின் ஒரு மூலையில், சுற்றியிருந்த மண்ணைவிடக் கறுப்பாக ஒரு வளை சரிந்து இறங்கியது. பழைய எலி வளை. அதற்கு மேலே ஓர் அடுப்பின் சாம்பல் உடையாமல் படிந்து கிடந்ததால், வளை அந்த அடுப்பைவிடப் பழையது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. க்ரெய்க் அதைப் படமாக வரைந்து, பக்கத்தில் 'விலங்குச் சேதம்' என்று எழுதிவிட்டார்.

எங்கள் தொழிலில் எலி என்றால் எதிரி. மேல் மண்ணைக் கீழே இழுத்துப்போடும், பழையதையும் புதியதையும் கலந்துவிடும். எனவே வளை தென்பட்டால் தனியாகத் தோண்டி வெளியே கொட்டிவிடுவது வழக்கம். அவரும் அதைத்தான் செய்தார்.

நான் அப்போது கொஞ்சம் தள்ளி ஓர் அரைக்கும் கல்லை அளந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தால், கொட்டிய மண்குவியலின் மேல் ஒரு தட்டைக் கல். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் மட்டும் புகை படிந்து கறுத்திருந்தது. ஓரத்தில் முறுக்கிய காய்ந்த புல் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன்.

"இது எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

"வளையின் வாயில். பாறைக் கூரையிலிருந்து உதிர்ந்த கல்" என்றார் க்ரெய்க்.

"கூரைக் கல் சொரசொரப்பாக இருக்கிறது. இது வழவழவென்று இருக்கிறது. ஏரிக்கரைக் கல். நடந்தா வந்தது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மண்டியிட்டுப் பார்த்தேன். வளைக்கு இன்னொரு வாய் இருந்தது. அதிலும் ஒரு தட்டைக் கல், இடுக்கில் திணித்த புல். மூன்றாவது வாயில் கல் இல்லை. ஆனால் அதன் உதடு செங்கல் நிறத்தில் வெந்திருந்தது, கரி சிதறிக் கிடந்தது. அங்கிருந்து ஒரு சரிவான வெட்டு வளையோடு கூடவே போய், அடியிலிருந்த சிறு அறையில் முடிந்தது.

"அப்ப திருட்டு வழி எங்க?" என்று நான் சத்தமாகத் தமிழில் கேட்டுவிட்டேன். க்ரெய்க் என்னைப் பார்த்தார்.

எலிக்கு எப்போதும் ஒரு திருட்டு வழி உண்டு. மேலே மெல்லிசாக மண்ணை மூடி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் முட்டிக்கொண்டு வெளியே ஓடும். வளை வெட்டுகிறவன் முதலில் தேடுவது அதைத்தான். நான் பாறையைச் சுற்றி வந்து, மண் சரிந்த பக்கமாகக் கரண்டியால் சுரண்டினேன். அதுவும் இருந்தது. அங்கேயும் ஒருவர் கல் வைத்து அடைத்திருந்தார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வைத்த கல். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

3

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நெல் அறுத்த பிறகு வரப்பில் எலி வளை இருக்கும். எலி கதிரைக் கடித்துக் கடித்து உள்ளே கொண்டுபோய் அடுக்கி வைத்திருக்கும். அறுப்பு முடிந்ததும் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், மண்வெட்டியோடு போவார். நானும் அண்ணன் ஏழுமலையும் பின்னால் ஓடுவோம். எல்லா வாயையும் தேடிப்பிடித்து மண்ணாங்கட்டி வைத்து அடைக்க வேண்டும். அது அண்ணன் வேலை. ஒரே ஒரு வாயில், அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்திக் கவிழ்த்து, ஓட்டை வழியாக நைனா ஊதுவார். புகை உள்ளே போகும். எங்கேயாவது மண்ணிலிருந்து புகை கசிந்தால், "தோ அங்க, அங்க!" என்று கத்திக்கொண்டு நான் ஓடிக் காட்ட வேண்டும். அப்புறம் வெட்டினால், மயங்கிய எலியும் அடுக்கிய கதிரும் கிடைக்கும்.

எங்களுக்கு அது திருவிழா மாதிரி. அன்றைக்குச் சோறும் கறியும். கறியைத் தீயில் வாட்டி உப்பும் மிளகாயும் போட்டு அம்மா ஆக்கித் தருவதை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. யாராவது முகத்தைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

பாலைவனத்திலும் இதே கதைதான். அங்கே அரிசிப்புல் என்று ஒரு புல். அதன் விதையை மாவாக்கித் தின்றிருக்கிறார்கள். கங்காரு எலி என்று ஒன்று, பின்னங்காலால் குதிக்கும், கன்னத்தில் பை வைத்திருக்கும், அந்த விதையை அள்ளி வந்து சேர்த்து வைக்கும். அந்தச் சின்ன அறையில் நாங்கள் சலித்து எடுத்தது கருகிய அரிசிப்புல் உமி. எலி சேர்த்ததை மனிதர் வந்து எடுத்திருக்கிறார்கள். எல்லா வாயையும் அடைத்து, ஒரு வாயில் புகை போட்டு, பொறுமையாக வெட்டி. இதை நான் குழிக்குள் பார்த்தது படிப்பால் அல்ல.

4

க்ரெய்க் படத்தைத் திருத்தினார். 'மனிதர் வெட்டிய எலி வளை' என்று நானே எழுதினேன். இடம் பாதுகாக்கத் தக்கது, ரோட்டைத் தள்ளிப் போடவேண்டும் என்று அறிக்கை அனுப்பினோம்.

அறிக்கையைச் சரிபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். அவரிடமிருந்து பதில் வந்தது. எலி சேர்த்த விதையை மக்கள் எடுத்தது புத்தகங்களில் உண்டாம், அதை ஒப்புக்கொள்கிறாராம். ஆனால் வாய்களைக் கல்லால் அடைத்துப் புகை போட்டதற்கு என்ன ஆதாரம்? யார் பார்த்தது? அச்சில் வந்ததா? வராவிட்டால், இதைச் செய்த ஆள் பெயரோடும் ஊரோடும் சாட்சி சொல்ல வேண்டும், செய்துகாட்டும் வீடியோப் படமும் வேண்டும். இல்லையென்றால் 'விலங்குச் சேதம்' அப்படியே இருக்கும்.

எங்களோடு லோரெயின் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். அந்த நிலத்தின் பழங்குடி மக்கள் சார்பாக வந்து, நாங்கள் தோண்டுவதைக் கண்காணிப்பவள். என் வயதுதான். மாலையில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து அவளிடம் புலம்பினேன்.

"உங்கள் ஆட்கள் சொன்னால் போதாதா?" என்றேன்.

"சொல்லியிருக்கிறோம். எழுதியும் கொள்வார்கள். கடைசிப் பக்கங்களில் பின்னிணைப்பாகப் போடுவார்கள். அதுவரை யார் புரட்டுகிறார்கள்?" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தாள். "உன் அப்பா ஊதுவார் என்றாயே, இருமல் வராதா?"

"வரும். திட்டிக்கொண்டே ஊதுவார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு கூத்து. என் மகள் இனியா பத்தாம் வகுப்பு. பள்ளியில் 'என் வேர்கள்' என்று ஒரு அட்டை செய்யச் சொல்லியிருந்தார்கள். செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பெருமை கிடைத்த செய்தியிலிருந்து படத்தை எடுத்து, பெரிதாக ஒட்டி, கீழே 'எங்கள் கோட்டை' என்று எழுதியிருந்தாள்.

"எங்கள் கோட்டையா? யாருடி உனக்குச் சொன்னது?"

"உங்க ஊர்தானேம்மா?"

"ஊரு நம்ம ஊரு. கோட்டை ராஜாவோடது. நம்ம ஆளுங்க அதுக்குக் கல்லு தூக்கினவங்களா இருக்கும். ராஜா வர்றதுக்கு முன்னாடியும் அந்தப் பாறைங்க இருந்துச்சு, அதுக்கடியில மனுஷங்களும் இருந்தாங்க. எலி வளையைப் பத்தி எழுதேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது போஸ்டர்ல நல்லா இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கோட்டை மேல் வந்த கோபம் அதிகம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று பல்லவ ராஜா கல்லில் வெட்டி வைத்திருக்கிறார் என்று வாத்தியார் சொன்னார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். அந்த நாலும் இல்லாமல் எங்கள் தெருவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மண் சுவர், பனை ஓலை. அந்தப் பாலைவன மக்களும் அந்த நாலும் இல்லாமல்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ராஜா ஒரு தடவை செய்தால் கல்வெட்டு, மற்றவர்கள் ஆயுசு முழுக்கச் செய்தால் விலங்குச் சேதம். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

5

அம்மாவும் நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாட்சி என்றால் அண்ணன்தான். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், கல்யாண வயதில் பிரியா என்று ஒரு மகள். என் காலை நேரம் அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். போன் போட்டேன்.

"இன்னா செல்வி, சாப்டியா?"

"இங்கே இப்போதுதான் விடிந்திருக்கிறது அண்ணா."

"இன்னா நீ, நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுற? நம்ம பேச்செல்லாம் மறந்துட்டியா?"

வேலை இடத்தில் ஆங்கிலம், வீட்டில் பாதி ஆங்கிலம், அவ்வப்போது எழுதுவது மட்டும் தமிழ். அதனால் வாயைத் திறந்தால் புத்தகம் வருகிறது. சுதாரித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இப்போது நவரைப் பட்டத்து நெல் அறுப்பு முடிகிற நேரம், யாராவது வளை வெட்டுவதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், நாங்களும் செய்தோம் என்று அவர் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டும்.

 

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றார் அண்ணன்.

"ஏண்ணா?"

"எலி வளை வெட்டனோம்னு அமெரிக்காக்காரனுக்கு எழுதிக் குடுக்கப் போற. அதுல என் பேரையும் சேத்துப் போடப் போற. இன்னாத்துக்கு? அவன் ரோடு போட்டா எனக்கு இன்னா, போடாட்டி எனக்கு இன்னா?"

"அது அவங்க பாட்டன் பூட்டன் இருந்த எடம்ணா."

"அவங்க பாட்டன் பூட்டனுக்காக நான் ஏன் என் மானத்த விக்கணும்? பிரியாவுக்குத் திண்டிவனத்துல பேசிக்கினு இருக்கோம், தெரியுமில்ல? பையன் பேங்க்ல இருக்கான். நம்ம ஆளுங்கதான், ஆனா டவுனு. பேரப் போட்டுத் தேடிப் பாக்குறவங்க. நீ அங்க எழுதறது இங்க போன்ல வந்து நிக்கும். எனக்கு ஏற்கெனவே டென்ஷன். நீ வேற ஏத்தாத."

"நாம திருடினோமாண்ணா?"

"உனக்கு இன்னா, நீ போயிட்ட. நான் இங்கதான் பஸ் ஏறணும், இங்கதான் பசங்களுக்குப் பாடம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சமையலறையில் நின்றுகொண்டு பாத்திரத்தையெல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். 'எலி தின்னி' என்று பள்ளிக்கூடத்து வழியில் எங்களைக் கூப்பிட்ட பிள்ளைகள் இருந்தார்கள். என்னைவிட அண்ணனைத்தான் அதிகம் கூப்பிட்டார்கள். அது எனக்கு மறக்கவில்லை. அதற்காக, கூப்பிட்டவனை விட்டுவிட்டு நாம் ஒளிந்துகொள்வதா? இன்றைக்கும் அவர் தினமும் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல்தான் பள்ளிக்கூடம் போகிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமாகிறது.

சரி, யாரும் வேண்டாம், சாட்சி நானே என்று என் பெயரையும் ஊரையும் போட்டு எழுதினேன். சின்ன வயதில் கண்ணால் பார்த்தது, கையால் செய்தது என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன்.

6

இரண்டாவது பதில் முதல் பதிலைவிட மோசம். ஏனென்றால் அது இரக்கத்தோடு வந்தது. என் சாட்சியை ஏற்கலாமாம். இடத்தையும் காப்பாற்றலாமாம். ஆனால் ஒரு திருத்தம். அவரே எழுதி அனுப்பியிருந்தார். தென்னிந்தியாவின் வறிய மக்கள் பஞ்ச காலத்தில் உயிர் பிழைக்கக் கையாண்ட வழி இது. அதுபோல இந்தப் பாலைவனத்திலும் வேறு உணவே கிடைக்காத கடைசிக் கட்டத்தில் மக்கள் எலி வளைகளைத் தோண்டினார்கள். இதற்கு நான் சம்மதித்தால் போதும், ரோடு தள்ளிப் போகும்.

"சம்மதித்துவிடு. இடம் பிழைக்கும். ஒரு வார்த்தைதானே" என்றார் க்ரெய்க். அவருக்கு உண்மையிலேயே நல்லது செய்யும் எண்ணம்தான்.

லோரெயினிடம் காட்டினேன். அவள் மக்களின் இடம், அவள்தானே முதலில் சொல்ல வேண்டும். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "எங்கள் பாட்டிகளைப் பஞ்சத்தில் அடிபட்டவர்களாக எழுதிக்கொடுத்தால் இடம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தைதான் கேட்கிறார்கள்" என்றாள். "உன் பெயரில் போகிறது. ஆனால் நானாக இருந்தால் சம்மதிக்க மாட்டேன்."

அந்த வாரக் கடைசியில் அண்ணனே கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை என்று காட்டுவதற்காக, நிச்சயதார்த்தத்துக்கு வருவியா, டிக்கெட் விலை எப்படி என்று சுற்றி வளைத்தார். நான் எரிந்துகொண்டிருந்தேன். அவர் பேசி முடிக்கக்கூட விடாமல் பஞ்சக் கதையைக் கொட்டிவிட்டேன்.

"பஞ்சமா?" என்றார் அண்ணன். "எவன் சொன்னது?"

"அவங்கதான் எழுதியிருக்காங்க. பட்டினியில செஞ்சதாம்."

"பஞ்சத்துல எலி வளைய வெட்டனா உள்ள இன்னா இருக்கும் செல்வி? மண்ணு இருக்கும்! எலியே செத்துக் கெடக்கும். வெளைஞ்சாத்தான எலி கொண்டாந்து சேக்கும்? நல்லா வெளைஞ்ச வருஷம் ஒரே வளையில ஒரு மரக்கால் நெல்லு எடுத்திருக்கோம். அவன் படிச்சவன்தானா? எலிக்கு எவன் பஞ்சத்துல சோறு போட்டான்னு கேளு!"

இத்தனை வருஷம் மண்ணைச் சலித்த எனக்கு இது தோன்றவில்லை. அந்த அறையில் முற்றிய விதையின் உமி இருந்தது. அந்தத் தரையெல்லாம் அவர்கள் தின்று போட்ட முயல் எலும்பு இருந்தது. விளைந்த பருவம்தான் அது.

அண்ணன் நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது.

"பஞ்சமாம்! உனக்கு இன்னா தெரியும்? வெட்டி முடிச்சதும் நீ கதிரப் பொறுக்கிக்கினு வூட்டுக்கு ஓடிடுவ. நான் நைனாவோட நிப்பேன். நெலத்துக்காரரு வருவாரு. 'எலி தூக்கினு போனது என் நெல்லுதான, பாதியக் கொட்டு'ன்னுவாரு. நைனா குனிஞ்சி அவரு கோணியில கொட்டுவாரு. அறுத்துப் போட்டதும் நைனா, வளைய வெட்டனதும் நைனா. எலியில மட்டும் பாதி கேக்க மாட்டாரு. அத நீங்களே வச்சிக்கோங்கன்னுடுவாரு. அப்புறம் அவரு வூட்டுப் பசங்களே ரோட்ல நின்னுக்கினு நம்மள எலி தின்னின்னுவானுங்க. எலி வளை நெல்லுல பாதி அவங்க வூட்டுப் பானையிலயும்தான் வெந்துச்சி. அவங்களுக்கு இன்னா பேரு வச்சாங்க?"

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அண்ணன் எலியை நினைத்துக் கூசுகிறார் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். நைனா குனிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அதை ஒருவரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கைக்கு எட்டிய காகிதத்தையும் பேனாவையும் எடுத்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணா."

"எழுதிக்கோ. ஏழுமலை, கணக்கு வாத்தியார், ஊரு பேரு போடு. பஞ்சம் இல்ல, அறுப்பு. எழுதிக்கினியா?"

"பிரியா விஷயம்?"

"அவங்க தாத்தன் மட்டும் இன்னா, பிரியாணியா துன்னுக்கினு இருந்தாரு? கேட்டா நானே சொல்லிக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. எடுத்தது பிரியா. அவள் குரல் உள்ளே கேட்கிறது: "அத்தை, அப்பா பேன்ட்ட மடிச்சிக்கினு எறங்கிட்டாரு, நீங்களே பாத்துக்கோங்க." வரப்பில் அண்ணன் குந்தி, ஒவ்வொரு வாயாக அடைக்கிறார். திருட்டு வழியைக் கண்டுபிடித்ததும், வகுப்பில் விடை சொல்வது மாதிரி கேமராவைப் பார்த்து விரலால் காட்டுகிறார். கணக்கு வாத்தியார் புகை ஊதி இருமுவதை இனியா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள்.

7

படத்தையும் அண்ணன் சொன்ன காரணத்தையும் சேர்த்து அனுப்பினேன். பஞ்சத்தில் எலியின் களஞ்சியம் காலியாகத்தான் இருக்கும் என்ற வாதத்துக்குக் கீழே ஏழுமலை என்று பெயர் போட்டேன். லோரெயின் தன் மக்கள் சொன்னதைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து முன்பக்கத்தில் வைக்கச் சொல்லி, வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு ஒரு சின்னப் பதில் வந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமில்லை. பஞ்சம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். இடம் பாதுகாக்கத் தக்கது.

பிரியாவின் நிச்சயதார்த்தம் ஆவணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எலியாலா, ஜாதகத்தாலா என்று தெரியவில்லை. அண்ணன் மாப்பிள்ளை வீட்டில் கேட்கவும் இல்லை, கவலைப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

பதில் வந்த அன்றே அவரைக் கூப்பிட்டேன்.

"ரோடு அந்தாண்ட தள்ளிப் போவுதாம்ணா."

"நம்ம பேரு?"

"இருக்குது. ரெண்டு பேரு பேரும் இருக்குது."

"உம்" என்றார். பின்னால் டிவி சத்தம் கேட்டது, யாரிடமோ அதைக் குறைக்கச் சொன்னார். "செல்வி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாலைவனத்துல இருந்தவங்க வளைய வெட்டி விதைய எடுத்துக்கினு எழுந்திருச்சாங்க இல்ல, அப்ப பக்கத்துல வந்து பாதியக் கொட்டுன்னு எவனாவது நின்னானா?"

"இல்லண்ணா. அவங்க மேல அப்படி ஒருத்தனும் இல்ல."

"பூராவும் அவங்களுக்கேவா?"

"பூராவும்."

"அதையும் எழுது" என்றார் அண்ணன்.